தோண்டின குழியில் என்ன இருந்தது?

என் பேரைக் கெடுத்தது நீங்கள்தான் அக்கா. என் வாசலில் மாவுப் பையை வீசியடித்தாளே எதிர்வீட்டு மலர், அவளை நான் சொல்ல மாட்டேன். கூட நின்று கத்தினவர்களையும் சொல்ல மாட்டேன். அவர்கள் கத்தினது ஒரு பகல். நீங்கள் அன்றைக்கு மைக்கில் சொன்னது இன்னும் முடியவில்லை.

படிக்கிறவர்களுக்கு அக்கா யார் என்று சொல்லிவிடுகிறேன். பேரை எழுத மாட்டேன். தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை, கவுன்சிலரக்கா என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் வார்டுக்கு ஒரு தடவை கவுன்சிலராக இருந்தார். இப்போது வேங்கிக்காலில் மகள் வீட்டோடு இருக்கிறார். நான் மாவு மில் வைத்திருக்கிறவள். கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே திரும்புகிற தெருவில், தெருக்குழாய்க்குப் பக்கத்தில் என் மில். இட்லி மாவும் அரைத்து விற்கிறேன். எனக்கு நயமாக எழுத வராது. தெரிந்ததை எழுதுகிறேன். தெரியாததும் நிறைய இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அக்காவின் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டினார். வெயில் காலத்தில் காலை சவாரிக்குப் போவதற்கு முன்னால் அந்த ஆட்டோ வார்டை ஒரு சுற்று சுற்றும். முன்னால் வீட்டுக்காரர், பின் சீட்டில் அக்கா, மேலே கூம்பு ஸ்பீக்கர். மற்ற மாதங்களில் மைக் பரணில் கிடக்கும். “மழை பேஞ்சா எல்லாரும் கண்ணால பாக்கறாங்க, நான் இன்னா சொல்றது” என்பார். வெயில் வந்தால்தான் தினமும் சேதி.

“வார்டு ஜனங்களுக்கு வணக்கம். இன்னைக்குத் தண்ணி வராது. நாளைக்கு வரும்னு சொல்றாங்க, எனக்கு நம்பிக்கை கம்மி. இருக்கறத பாத்து செலவு பண்ணுங்க. கரண்டு காலையிலயே போயிடும், சட்னி அரைக்கறவங்க இப்பவே அரைச்சுக்கங்க. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்கற கறுப்பு நாய்க்கு வெய்யல்ல கோவம் ஜாஸ்தி ஆயிருக்கு, தள்ளிப் போங்க. அப்புறம், கடைசி வீட்டு ஆடு நேத்து கிரிவலம் வந்தவர் ஒருத்தர் கழுத்து மாலையத் தின்னுடுச்சு. அவர் சண்டைக்கு வந்துட்டார். ஆட்டை யாரும் அடிக்காதீங்க. அது மேயற எடத்துல குப்பைத் தொட்டிய வெச்சு, அதைப் பாதைக்குத் தொரத்திவிட்டது நான். என் தப்புதாங்க.”

இப்படித்தான் முடியும். எந்தச் சேதியாக இருந்தாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் அதுதான். என் தப்புதாங்க. தண்ணி லாரி வரவில்லையா, என் தப்பு. வந்த லாரி தெருமுனையிலேயே காலியாகி உள்வீட்டுக்காரர்களுக்குக் கிடைக்கவில்லையா, அதுவும் என் தப்பு. நீர்மோர்ப் பந்தலில் மோர் புளித்துப் போச்சா, என் தப்பு. பந்தலில் மோர் ஊற்றினவன் அவருக்கு வேண்டாத கட்சிக்காரன். அவனுக்காகவும் இவரே சொல்லிக்கொண்டார்.

அன்னதானக் குழுவுக்குத் தலைவராக இருக்கிறவரைத் தெருவில் கண்டக்டர் என்போம். பஸ்ஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் ஆட்டோவை நிறுத்தி, “ஏம்மா, இந்த வருசம் கோடை மழையே இல்லையே, அதுவும் உன் தப்புதானா?” என்று கேட்டார்.

அக்கா மைக்கை அணைக்கவே இல்லை. “ஆமாங்க மாமா. போன வாரம் கோயிலுக்குப் போனேன். வேண்டிக்க மறந்துட்டேன்.”

தெருவே சிரித்தது. கண்டக்டர் ஆட்டோவுக்கு வழி விட்டார். நானும் மில்லை நிறுத்திவிட்டு சிரித்தேன். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். பதவியில் இருக்கிற ஒருத்தர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதற்குப் பின்னாலும் கேட்கவில்லை.

ஒரு சித்திரையில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. வெயில் கொதிக்கிறது, பேன் இல்லை, வயசானவர்கள் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பாதித் தெரு அக்கா வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. நானும் போனேன். எனக்கு மில் ஓடினால்தான் பிழைப்பு. ஆம்பளைகள் நல்ல கோபத்தில் இருந்தார்கள். அக்கா தலைக்குக் குளித்த ஈரத்தோடு, துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

“என் தப்புதாங்க. போன மாசமே எண்ணெய் ஒழுகுதுன்னு சொன்னாங்க, நான் ஈ.பி.காரங்கள சரியா தொரத்தல. திட்டறவங்க நல்லா திட்டிட்டுப் போங்க. ஒரே ஒரு ஒத்தாசை, திட்டும்போது ஓரமா நின்னு திட்டுங்க, லைன்மேன் வண்டி வர வழி விடணும்.”

யாரும் திட்டவில்லை. திட்ட வந்தவர்களே வண்டிக்கு வழி ஒதுக்கினார்கள். மறுநாள் கரண்டு வந்தது.

வந்த பிறகு என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொன்னார். பக்கத்தில் புதிதாகக் கட்டின லாட்ஜுக்கு, ரூமெல்லாம் ஏ.சி. போட்டு, அதே டிரான்ஸ்பார்மரிலிருந்துதான் லைன் கொடுத்திருந்தார்களாம். அதற்கு மேல் அது எப்படித் தாங்கும்? அன்றைக்குக் கூட்டம் நின்றபோது அந்த லாட்ஜ்காரர் எதிர்ப்பக்கம் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அவரை ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? தப்பு செய்தவர்தான் ஏற்கெனவே ஒத்துக்கொண்டாச்சே.

எனக்கு முதன்முதலில் குழப்பம் வந்தது அங்கேதான். ஆனால் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரண்டு வந்துவிட்டது, மில் ஓடியது.

அக்கா கூழுக்குக் கேழ்வரகு அரைக்க என் மில்லுக்குத்தான் வருவார். கவுன்சிலர் என்று முன்னால் வந்து நிற்க மாட்டார். டப்பாவை வரிசையில் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வார். ஒரு தடவை கடையில் வேறு யாரும் இல்லை. நான் கேட்டேவிட்டேன்.

“ஏன்க்கா, எல்லாத்துக்கும் தப்பு தப்புன்னு சொல்றீங்களே, கூச்சமா இல்லியா உங்களுக்கு?”

“எதுக்குக் கூச்சம்? சண்டைக்கு வர்றவன் கைய ஓங்கிட்டு வர்றான்டி. நான் இல்லன்னு சொன்னா அடிப்பான். ஆமான்னு சொல்லிட்டா ஓங்கின கைய எங்க வெக்கறதுன்னு தெரியாம தலையச் சொறிவான். அவன் சொறியற நேரத்துல நான் லாரிக்குப் போன் போட்டுடுவேன். தண்ணி வேணுமா, யார் தப்புன்னு பஞ்சாயத்து வேணுமா?”

“ரெண்டும் வேணும்க்கா.”

“ரெண்டும் கெடைக்கற ஊர் எங்கயாவது இருந்தா சொல்லு, நானும் வர்றேன்” என்று மாவுக் கையாலேயே என் முதுகில் ஒரு அடி வைத்தார். கறுப்பு ரவிக்கையில் வெள்ளையாகக் கை பதிந்தது. சாயங்காலம் வரை அப்படியே திரிந்தேன். வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.

இதை எழுதும்போது கோபம் குறைகிறது. அதனால் இதோடு நிறுத்திக்கொண்டு அந்தச் சித்ரா பௌர்ணமிக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் கூட்டம். சித்ரா பௌர்ணமி என்றால் தெரு எது, பாதை எது, ஆள் எது என்று தெரியாது. மலையைச் சுற்ற வருகிறவர்கள் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர்களில் ஒருத்தர் பசியோடு தாண்டிப் போனால் தெருவுக்கே அவமானம் என்று நாங்கள் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். குழாயில் தண்ணீர் வராத வாரத்தில்கூட வாசலில் டிரம் நிறைய குடிதண்ணீர் வைப்போம். வீட்டில் பாத்திரம் கழுவாமல் கிடக்கும். வாசல் டிரம் நிறைந்திருக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அன்னதானக் குழு தெருமுனையில் பந்தல் போட்டு தக்காளி சாதமும் மோரும் கொடுக்கும். அந்த வருஷம் தண்ணீர் ரொம்பக் கம்மி. பௌர்ணமி அன்றைக்குத் தடுப்பு போட்டு வண்டியை எல்லாம் நிறுத்திவிடுவார்கள், லாரி உள்ளே வர முடியாது. அண்டா அண்டாவாகச் சமைக்க, இலை எடுக்க, கை கழுவத் தண்ணீருக்கு என்ன செய்வது? கண்டக்டரும் நாலைந்து பேரும் அக்கா வீட்டுக்குப் போனார்கள். பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பு நடந்தது இது. மறுநாள் காலை மைக்கில் சேதி வந்தது.

“அன்னதானப் பந்தலுக்குத் தண்ணி ஏற்பாடு ஆயிடுச்சு. கண்டக்டர் மாமா இனிமே ராத்திரி தூங்கலாம்.”

எப்படி ஏற்பாடு ஆனது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. தண்ணீர் வந்தால் போதும். பந்தலுக்குப் பின்னால் சாக்கடை ஓரமாக, தெருக்குழாய் லைனிலேயே ஒட்டுப் போட்டு ஒரு புது பைப் நீட்டிக்கொண்டிருந்தது. அண்டா கழுவும்போது நானே அதில் கை கழுவினேன். நல்ல வேகமாக வந்தது. அண்ணாமலையார் புண்ணியம் என்று ஒருத்தி சொன்னாள். ஆமாம் என்றேன்.

கூட்டம் கலைந்தது. மறுநாள் தெருவில் எல்லாரும் கை கால் ஓய்ந்து கிடந்தார்கள். சமைக்க யாருக்கும் தெம்பில்லை. என்னிடம் இட்லி மாவு வாங்கினார்கள். அன்றைக்கு மாதிரி எனக்கு வியாபாரம் நடந்ததே இல்லை. அரைக்க அரைக்கப் போனது.

அதற்கடுத்த நாள் வாந்தியும் பேதியும் ஆரம்பித்தது. முதலில் மலர் மாமியார். அப்புறம் வரிசையாக வீடு வீடாக. என் வீட்டுக்காரருக்கும் வந்தது. மலர் மாமியாரை ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அந்தம்மாவுக்குக் கண் மேலே சொருகியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியும் பேச்சு வரவில்லை என்று மத்தியானம் சேதி வந்தது. மலர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வாசலுக்கு வந்தாள். மிச்சமிருந்த மாவுப் பையை வீட்டிலிருந்து எடுத்துவந்து என் படியில் அடித்தாள். மாவு என் கால் வரை தெறித்தது.

“என் மாமியாருக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் மில்லைக் கொளுத்திடுவேன்டி. பழைய மாவ புதுசோட கலந்து வித்தியா? வாயத் தொறந்து சொல்லு.”

“கலக்கலடி. எங்க வீட்லயும் அதே மாவுதான்டி தின்னோம்.”

“தின்ன நீ நிக்கறியே. எங்கம்மா படுத்திருக்காங்களே.”

மாமியாரைத்தான் அவள் அம்மா என்று சொன்னாள். அவளோடு வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் மாவு வாங்கினவர்கள். ஒருத்தர் முகத்திலும் என்னைத் தெரிந்த மாதிரி இல்லை. தெருக்கோடி வீட்டுக்காரர்கள் என்னிடம் மாவே வாங்க மாட்டார்கள், அங்கேயும் ரெண்டு பேர் படுத்திருக்கிறார்கள் என்று நான் கத்தினேன். அது யார் காதிலும் விழவில்லை. மாவை எடு, மில்லைப் பூட்டு என்று ஒரே சத்தம். என் வீட்டுக்காரர் உள்ளே எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார்.

அப்போது ஆட்டோ வந்தது. காலையில் மட்டும் வருகிற ஆட்டோ, மத்தியான வெயிலில் வந்தது. அக்கா இறங்கவில்லை. பின் சீட்டிலிருந்தே மைக்கில் பேசினார்.

“மாவைக் குத்தம் சொல்லாதீங்க. என் தப்புதாங்க. எல்லாரும் வீட்டுக்குப் போங்க. கொழாத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க, லாரி வருது. கொடத்த எடுத்துட்டு வாங்க. என் தப்புதாங்க.”

கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். சத்தியமாகச் சிரித்தான். “இதுவுமாக்கா?” என்றான். இன்னும் ரெண்டு பேர் சிரித்தார்கள். அப்படியே கூட்டம் தளர்ந்தது. லாரி என்றதும் குடம் எடுக்க ஓடினார்கள். மலர் மட்டும் என் படியில் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

என் மில் தப்பித்தது. அன்றைக்கு அந்த ஆட்டோ வராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை மறைக்க மாட்டேன்.

சாயங்காலம் தண்ணீர் ஆட்கள் வந்தார்கள். பந்தல் போட்ட இடத்துக்குப் பின்னால், சாக்கடை ஓரமாகத் தோண்டினார்கள். யாரையும் பக்கத்தில் விடவில்லை. அக்கா மட்டும் குழி விளிம்பில் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் கொஞ்சம் தள்ளி நின்றார். என்னவோ பார்த்தார்கள், என்னவோ மாற்றினார்கள், மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். நீட்டிக்கொண்டிருந்த புது பைப் மறுநாள் இல்லை. சில நாள் மருந்து வாசனையோடு தண்ணீர் வந்தது. அப்புறம் நல்ல தண்ணீர் வந்தது. எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். மலர் மாமியாரும் பிழைத்துக்கொண்டார்.

அந்தம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அக்கா அங்கேதான் இருந்தார். மலரே என் எதிரில் இன்னொருத்தியிடம் சொன்னாள். பேதித் துணியை எல்லாம் அவர்தான் அலசினாராம். கவுன்சிலர் அலசுகிறாரே என்று நர்சம்மா திட்டினாராம். அதுதான் அவர் குணமா, இல்லை நெஞ்சு உறுத்தியதா? எனக்குத் தெரியவில்லை. அவர் சாதாரண நாளிலும் அலசக்கூடியவர்தான். அதனால்தான் எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் அடங்கின பிறகு என்னிடம் மாவு வாங்க ஆள் வரவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. சிரித்துப் பேசினார்கள். கையில் வேறு கடை மாவுப் பை இருந்தது. “இல்லக்கா, அவர் அந்தப் பக்கமா வந்தார், வாங்கிட்டு வந்துட்டார்” என்றார்கள். தெருவில் இருக்கிற எல்லா வீட்டு ஆம்பளைக்கும் ஒரே நாளில் அந்தப் பக்கம் வேலை வந்துவிட்டது.

அக்கா கேழ்வரகு டப்பாவோடு வந்தார். நான் மில்லை ஓட்டவில்லை.

“அக்கா, அன்னைக்கு உங்க தப்புன்னு சொன்னீங்களே. எது உங்க தப்பு?”

“அதான் சொல்லிட்டேனே.”

“எது? பைப்பா? மாவா? தோண்டினாங்களே, உள்ள இன்னா இருந்துச்சு?”

“இப்ப தண்ணி நல்லா வருதா இல்லியா?”

“தண்ணி வருதுக்கா. ஆளு வரல. நீங்க சொன்னத எவனும் நம்பல. ஆட்டுக்கும் அதத்தான் சொன்னீங்க, மோருக்கும் அதத்தான் சொன்னீங்க. பாவம் மாவுக்காரிய காப்பாத்தறதுக்கு அந்தம்மா சொல்லுதுன்னு நெனச்சுக்கிட்டாங்க. நெஜமாவே பைப்புதான்னா அத ஒரு தடவ மைக்குல சொல்லுங்க.”

அக்கா முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார். டப்பா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

“சொன்னா எங்க போய் நிக்கும் தெரியுமா? அன்னதானத்துல போய் நிக்கும். அப்புறம் அடுத்த வருசம் பந்தல் போடுவாங்களா? தெருவே ரெண்டா போயிடும்.”

“அப்ப பைப்புதானா?”

“நான் அப்படிச் சொல்லல.”

“அப்ப மாவா?”

“அடியே, நான் அப்படியும் சொல்லல. என் தப்புன்னு விடேன்.”

அரைக்காத கேழ்வரகை அப்படியே தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு என் மில்லுக்கு வரவே இல்லை. வேங்கிக்கால் பக்கம் போய் அரைத்துக்கொண்டு வந்தார். அதைத் தெரு பார்த்தது. மாவு சரியாக இருந்தால் கவுன்சிலரக்கா ஏன் அங்கே போகிறார்? எல்லாரும் நினைத்தார்கள். எனக்கே சில நாள் அந்த யோசனை வந்தது. நானும் குழாய்த் தண்ணீர் ஊற்றித்தானே அரைத்தேன்? என் மாவுக்குப் பயந்து போனாரா, என் கேள்விக்குப் பயந்து போனாரா?

இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் என்னை ரொம்பப் படுத்துகிறது. சாக்கடை ஓரமாக பைப் போடச் சொன்னதே அவராக இருந்தால்? அப்படியென்றால் அன்றைக்கு மைக்கில் சொன்னது நிஜம். அத்தனை வருஷம் மற்றவர்களுக்காகச் சொன்னதை அன்றைக்கு ஒரு தடவை தனக்காகச் சொல்லியிருக்கிறார். சொன்ன இடத்திலேயே சிரித்துவிட்டார்கள். சிரிப்பார்கள் என்று தெரிந்தே சொன்னாரா? இல்லை, நம்புவார்கள் என்று நினைத்துச் சொல்லி ஏமாந்துபோனாரா? ஒரு நாள் ஒரு மாதிரி தோன்றுகிறது. மறுநாள் வேறு மாதிரி தோன்றுகிறது. நல்லவரைச் சந்தேகப்படுகிறேனா, கெட்டிக்காரரை நல்லவர் என்று நினைத்து ஏமாறுகிறேனா, எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அவர் அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. மகள் வீட்டுக்குப் போகும்போது தெருவில் எல்லார் வீட்டுக்கும் சொல்லிக்கொண்டு போனார். என் வீட்டுக்கு வந்தபோது நான் வீம்புக்கு மில்லை ஓடவிட்டேன். அந்தச் சத்தத்தில் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. உதட்டைப் பார்த்தேன். அந்த ரெண்டு வார்த்தைதான் என்று நினைக்கிறேன்.

இப்போது இருக்கிற கவுன்சிலர் போனில் குரூப் வைத்திருக்கிறார். மோர்ப் பந்தல் திறந்த போட்டோ வருகிறது, மாலையோடு. தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால் கும்பிடுகிற கை படம் வருகிறது. அவர் ஒரு தடவைகூடத் தப்பு என்று சொன்னதில்லை. இந்த வெயிலில் எங்கள் குழாயில் மஞ்சளாகத் தண்ணீர் வருகிறது. முகர்ந்தால் குமட்டுகிறது. தெருவில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. உடனே குரூப்பில் யாரோ எழுதினார்கள்: “பழைய மாதிரி ஆகப்போவுது, கடை மாவு வாங்கறவங்க பாத்து வாங்குங்க.” கடை என்றால் எந்தக் கடை? தெருவில் இருக்கிறது ஒரே மில். மலர் அதற்குக் கீழே கட்டைவிரல் தூக்கியிருந்தாள்.

நான் கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். பௌர்ணமிப் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கியிருந்தது.

“மாமா, அந்த வருசம் பந்தலுக்குப் பின்னால பைப்பு போட்டது யாரு?”

“தண்ணி ஆளுங்க போட்டாங்க.”

“யார் சொல்லிப் போட்டாங்க?”

“கவுன்சிலரம்மா சொல்லி.”

“நீங்க கேட்டதாலதான அவங்க சொன்னாங்க?”

“அன்னதானத்துக்குத் தண்ணி கேக்கறது தப்பா? இன்னாமா பேசற நீ? அதான் அந்தம்மா அப்பவே ஒத்துக்கிச்சே.”

“எத ஒத்துக்கிச்சு மாமா?”

“தப்ப.”

“எந்தத் தப்ப?”

கண்டக்டர் மூங்கிலைப் பார்த்தார். “வருசாவருசம் எத்தினி ஜனம் சாப்ட்டுப் போவுது. அத நெனச்சுப் பாரு” என்றார். “இந்த வருசமும் அங்கதான் பந்தல். தண்ணிக்கும் அதே மாதிரி ஏதாவது பண்ணணும்.”

அதே மாதிரி. அதே இடம், அதே சாக்கடை, அதே மாதிரி ஒரு பைப். குழிக்குள் என்ன இருந்தது என்று யாரும் சொல்லாததால், திரும்ப அதே குழியைத் தோண்டப்போகிறார்கள். திரும்ப யாராவது படுப்பார்கள். திரும்ப என் வாசலுக்கு வருவார்கள். இந்தத் தடவை ஆட்டோ வராது.

அக்கா, உங்களிடம் தனியாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். இனிமேல் தனியாகக் கேட்க மாட்டேன். சித்ரா பௌர்ணமிக்கு முன்னால், பந்தலுக்குக் கால் நடுவதற்கு முன்னால், அந்த ஆட்டோவில் வாருங்கள். மைக்கைக் கொண்டுவாருங்கள். தெருக்குழாய்க்கு எதிரில் நில்லுங்கள். நான் எல்லா வீட்டுக் கதவையும் தட்டி ஆளைக் கூட்டி வைக்கிறேன். கண்டக்டர் உங்கள் பக்கத்தில் நிற்கட்டும். மலர் மாமியாருக்கு நாற்காலி நானே கொண்டுவந்து போடுகிறேன்.

அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லாமல் பேசுங்கள். மாவுதான் என்றால் மாவு என்று சொல்லுங்கள், அன்றைக்கே மில்லைப் பூட்டிச் சாவியை மலரிடம் கொடுத்துவிடுகிறேன். பைப் என்றால் யார் கேட்டார்கள், யார் போடச் சொன்னார்கள், எங்கே உடைந்தது என்று சொல்லுங்கள். நீங்கள்தான் என்றால் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள், நான் உங்களை ஒரு வார்த்தை திட்ட மாட்டேன். தெரு ரெண்டாகப் போனால் போகட்டும். அப்போதாவது இந்தப் பாதியில் நிற்கிறவர்களுக்கு எதைக் குடிக்கலாம் என்று தெரியும்.

கூட்டம் கலைய வேண்டாம். லாரிக்குப் போன் போட வேண்டாம். எல்லாரும் நிற்கும்போதே, மைக்கில் சொல்லுங்கள் அக்கா. அன்றைக்குக் குழி விளிம்பில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தீர்களே, உள்ளே என்ன இருந்தது?